இரண்டாம் முறை வந்த பெட்டி

பாவா,

நேற்று மத்தியானம் தங்கச்சி வந்தாள். பொதட்டூர்பேட்டை பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலில் நடந்து, என் மாடிப்படி ஏறி, கட்டம் போட்ட லுங்கித் துணியில் கட்டிய ஒரு மூட்டையை மேஜைமேல் வைத்தாள். "அவரு சாமானையெல்லாம் ஒழிச்சிகினு இருந்தேன். இது உன்னுது. இந்தத் தடவையாவது வாங்கிக்கோண்ணா" என்றாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றாள். நான் முடிச்சை அவிழ்த்தேன். உள்ளே இருந்ததைப் பார்ப்பதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. மோட்டார் காயிலுக்குப் பூசுவாயே, அந்த வார்னிஷ். உன் சட்டையிலும், நீ குடித்து வைத்த டம்ளரிலும், என் தங்கையின் கல்யாணப் போட்டோவை நீ மாட்டிக் கொடுத்த சட்டத்திலும் இருந்த வாசனை. நீ போய் நாற்பது நாளுக்கு மேல் ஆகிறது. வாசனை போகவில்லை.

அத்தை மகன் நீ. என்னைவிட இரண்டே மாதம் மூத்தவன் என்பதால் உன்னைப் பாவா என்று கூப்பிடச் சொன்னார்கள். பிறகு நீ என் தங்கையைக் கட்டியதில் அந்த முறை இன்னும் கெட்டியானது. எட்டாவதோடு நீ படிப்பை நிறுத்தித் தறி மோட்டார் பழுது பார்க்கப் போனாய். நான் பௌதிகத்தில் எம்.எஸ்சி. வரை போனேன். அன்றிலிருந்து உனக்கு நான் 'வாத்யாரே'. அதில் கேலி எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று நான் ஒருநாளும் பிரித்துப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

அந்த வருஷம் என்ன நடந்தது என்று உனக்கு நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் நாற்காலி எனக்கு வந்திருக்க வேண்டும். எனக்கு நான்கு வருஷம் இளையவருக்குப் போனது. யார் யாரிடம் போய் நின்றார், யார் வீட்டுக்குப் பழக்கூடை போனது என்றெல்லாம் நான் உன் வீட்டு வாசலில் உட்கார்ந்து மணிக்கணக்கில் சொல்லியிருக்கிறேன். நீ காயில் சுற்றிக்கொண்டே 'ஆங்' கொட்டுவாய். ஒருநாள் மட்டும் நிமிர்ந்து, "எல்லாம் சரி வாத்யாரே, நீ இன்னா பண்ணப் போற, அத்த சொல்லு" என்றாய். அந்தக் கேள்விக்காகத்தான் ராஜினாமா எழுதினேன். அதையும் பிற்பாடு உன் கணக்கிலேயே சேர்த்தேன். நீ கேட்டதால்தான் வேலையை விட்டேன் என்று.

மெட்ராஸில் ஒரு கம்பெனி பழசு என்று தள்ளிய கம்ப்யூட்டரை நாம் இருவரும் போய்த்தான் வாங்கி வந்தோம். திருத்தணியில் அப்போது அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. மின்சார ரயிலில் டிவி மாதிரி இருந்த அதன் திரையை நீ மடியில் வைத்துக்கொண்டாய். உன் லுங்கித் துணியைச் சுற்றி, குழந்தையைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தாய். பெரிய பெட்டி என் காலடியில். அரக்கோணம் வரைக்கும் நான் உனக்குப் பாடம் நடத்தினேன். நியூஸ் பேப்பர் ஓரத்தில் படம் போட்டு, கரண்ட் எங்கே நுழைகிறது, எங்கே மாறுகிறது, பின்பக்கத்துச் சின்னச் சிவப்பு ஸ்விட்ச் எதற்கு, எல்லாம் சொன்னேன். நம் ஊர் கரண்டுக்கு ஒரு பக்கம், அமெரிக்கா கரண்டுக்கு மறுபக்கம், மாற்றித் தள்ளிவிட்டுப் போட்டால் உள்ளே கருகிவிடும் என்று சொன்னேன். நீ கேட்டுக்கொண்டே வந்து, "பொண்ணு பாத்துட்டு வர்றப்போகூட நீ இவ்ளோ பேசல வாத்யாரே" என்றாய். எதிர் சீட்டுப் பூக்காரம்மா சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. அதுவும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எல்லாக் கோபமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

சந்நிதித் தெருவுக்கு அடுத்த தெருவில் மாடி அறை. ஒரு மேஜை, பத்து நாற்காலி, ஒரு கரும்பலகை, ஒரு கம்ப்யூட்டர். சுற்றுவட்டாரத்தில் பவர்லூம் ஓடுகிற நேரத்தில் கரண்ட் ஏறும், இறங்கும். அதற்காக நீயே உட்கார்ந்து ஒரு ஸ்டெபிலைசர் கட்டிக் கொடுத்தாய். விஜயதசமி அன்று காலையில் கம்ப்யூட்டர் வகுப்பு ஆரம்பம் என்று நோட்டீஸ் அடித்து ஒட்டினேன். அன்றைக்கு அது ஓடினால் நான் மனிதன். ஓடாவிட்டால் மறுபடியும் அந்தப் பள்ளிக்கூட வாசலில் போய் நிற்க வேண்டும், அந்த ஆளிடமே. வேறு வழி எனக்கு இல்லை. இதை உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

முந்தின நாள் ஆயுத பூஜை. உனக்கு ஊரில் முப்பது தறிக்குப் பூஜை, வர முடியவில்லை. நான் தனியாகத்தான் செய்தேன். ஈரத்துணியால் மூலை முடுக்கெல்லாம் துடைத்தேன். சந்தனம் குழைத்தேன். எனக்குச் சாமி நம்பிக்கை அரைகுறை என்று உனக்குத் தெரியும். ஆனால் துடைத்து முடித்ததும் நைனா ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் தறிக்கு முன்னால் மட்டும் பொட்டு வைத்தால் நைனா விடமாட்டார். நெய்கிறவன் கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தில்தான் நூல் முழுக்கச் சுற்றியிருக்கிறது, அதுதான் சோறு போடுகிறது, அங்கேதான் முதலில் வைக்கணும் என்பார். "முதுக மறக்காதடா" என்பார். நான் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்து முதுகுக்கும் வைத்தேன். அழுத்தி வைத்தேன். வெட்கப்பட்டுக்கொண்டே வைத்தேன். பிறகு திருப்பிச் சுவரோடு ஒட்டிவிட்டு அறையைப் பூட்டினேன். அன்று அதை ஓட்டக்கூடாது என்பது முறை. ஓட்டவில்லை.

விஜயதசமிக்கு நீ முதல் பஸ்ஸில் வந்துவிட்டாய். தங்கச்சி சாம்பிராணி போட்டாள். படியெல்லாம் ஆள். இருபது பேருக்குமேல் சேர வந்திருந்தார்கள். டைப்ரைட்டிங் முடித்த பெண்கள், அம்மையார்குப்பத்திலிருந்து தறிக்கார வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வேறு. அவர்களோடு, மகனைக் கூட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்தவரும் வந்திருந்தார்.

நீ வாசலில் தேங்காயோடு நின்றாய். "நீ ஸ்விட்ச்ச போடு வாத்யாரே, நான் தேங்காய போடறேன். ரெண்டும் ஒண்ணா விழணும்" என்றாய். ஒன்றாகத்தான் விழுந்தது. தேங்காய் சிதறியது, தங்கச்சி மணியடித்தாள், எல்லோரும் கைதட்டினார்கள், சாம்பிராணிப் புகையில் திரையே தெரியவில்லை. புகை விலகியது. திரை கறுப்பாகவே இருந்தது. காதை வைத்துக் கேட்டேன். உள்ளே விசிறி சுற்றவில்லை. அணைத்துப் போட்டேன். மறுபடி அணைத்துப் போட்டேன். பெட்டியில் உயிரே இல்லை.

நீ சிதறிய தேங்காயைத் தாண்டி உள்ளே வந்தாய். உன் டெஸ்ட் லாம்ப்பை எடுத்தாய். ஹோல்டரில் ஒரு பல்பு, தொங்குகிற இரண்டு ஒயர், அவ்வளவுதான் உன் ஆயுதம். சுவர் ப்ளக்கில் வைத்தாய், எரிந்தது. ஸ்டெபிலைசரில் வைத்தாய், எரிந்தது. பெட்டிக்குப் போகிற ஒயரின் முனையில் வைத்தாய், அங்கேயும் எரிந்தது. "கரண்ட் வாசப்படி வரைக்கும் வந்துகினு கீது. உள்ள போ மாட்டேங்குது" என்றாய்.

"இன்னா சார், கம்ப்யூட்டருக்கும் விஜயதசமி லீவா?" என்றார் அந்தத் தலைமை ஆசிரியர். கூட்டம் சிரித்தது. அவர் மகனும் சிரித்தான்.

நீ மேல்மூடியைக் கழற்றி, ஒரு மூலையில் இருந்த பவர் பெட்டியைத் திறந்தாய். கரண்டை வாங்கிப் பிரித்துக் கொடுப்பது அதுதான். கண்ணாடி ஃப்யூஸ் உள்ளே கரிப்பிடித்துக் கறுத்திருந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாய். கூட்டத்துக்குக் கேட்காமல் என் காதோரம் சொன்னாய். "இது சும்மா போகல. சும்மா போனா உள்ள கம்பி மட்டும் அறுந்திருக்கும், கண்ணாடி இப்படிக் கறுக்காது. உள்ள வேற எதுவோ போயிருக்குது. எனக்கு ரெண்டு நாள் குடு."

"ரெண்டு நாளா? எல்லாரும் நிக்கறாங்க பாவா."

"நிக்கட்டும். நாளைக்கு வரச் சொல்லு."

"ஃப்யூஸுக்குப் பதிலா கம்பி கட்டு."

"வேணாம் வாத்யாரே. நம்ம லாம்ப்ப நடுவுல போட்டாவது பாக்கலாம். உள்ள ஷார்ட்டா இருந்தா பல்பு எரியும், பொருள் தப்பிக்கும். அஞ்சு நிமிஷம்."

அந்த ஐந்து நிமிஷத்தை நான் கொடுக்கவில்லை. அந்த ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு பெண்கள் படியிறங்கப் போனார்கள். உன் தோளைப் பிடித்து, "தறிக்கு நீ கட்டாத கம்பியா? எனக்குன்னா கட்ட மாட்டியா?" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். அப்புறம் ஒயரிலிருந்து ஒற்றைக் கம்பி இழையை உரித்துக் கட்டினாய். ஸ்விட்சைப் போட்டது நான்.

வெடித்தது. நீலமாக ஒரு நெருப்பு. கறுப்புப் புகை. பெண்கள் கத்திக்கொண்டு இறங்கினார்கள். தன் மகனை இழுத்துக்கொண்டு போன அவர், வாசலில் திரும்பித் தலையை மட்டும் ஆட்டினார். ஏதாவது சொல்லியிருந்தால் நான் அவரிடம் பாய்ந்திருப்பேன். அவர் சொல்லாததால் உன்னிடம் பாய்ந்தேன்.

என்ன சொன்னேன் என்று ஒரு வார்த்தை விடாமல் எனக்குத் தெரியும். "தறி மெக்கானிக்க நம்பினேன் பாரு. எட்டாங்கிளாஸ் படிச்சவன் கட்டின ஸ்டெபிலைசர்ல போய் மாட்டினேன் பாரு. இவன் கை பட்டு எது உருப்பட்டுது?" தங்கச்சி மணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். படியில் இன்னும் ஆறேழு பேர் இருந்தார்கள். நீ டெஸ்ட் லாம்ப்பின் ஒயரை நிதானமாகச் சுற்றினாய். "திட்டி முடிச்சிட்டியா வாத்யாரே?" என்றாய். கேலியே இல்லாமல் கேட்டாய். "பவர் பெட்டிய எடுத்துகினு போறேன். பாக்கறேன்." துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு இறங்கினாய். அன்றைக்கு உன் முகத்தை நான் பார்த்தது அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்துத் தங்கச்சி இதே துணியில் கட்டி இதே பெட்டியைக் கொண்டுவந்தாள். "சரி பண்ணிட்டாராம். மாட்டிப் பாக்கச் சொன்னாரு." அதற்குள் நான் அரக்கோணத்தில் ஒரு டுடோரியலில் சேர்ந்திருந்தேன். எவனோ ஒருவனின் நோட்ஸை எவனோ ஒருவனின் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை. மாடி அறைதான் என் வீடு. கம்ப்யூட்டரைப் பழைய வேட்டியால் மூடி மூலையில் தள்ளியிருந்தேன். நான் முடிச்சைக்கூட அவிழ்க்கவில்லை. "எடுத்துகினு போ. அவன் தொட்டது எனக்கு வேணாம்" என்றேன். அவள் எடுத்துக்கொண்டு போனாள். அவ்வளவு தூரம் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போயிருப்பாள்.

அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு மலைப்படியில் உன்னைப் பார்த்தேன். நீ காவடியோடு மேலே ஏறிக்கொண்டிருந்தாய், நான் இறங்கிக்கொண்டிருந்தேன். கூட்டம் நெருக்கி நம் இருவரையும் ஒரே படிக்குக் கொண்டுவந்தது. உன் தோளில் காவடி, முகமெல்லாம் திருநீறு. நீ வாய் திறந்தாய். நான் கீழே குளத்தைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கூட்டம் உன்னை மேலே தள்ளிக்கொண்டு போய்விட்டது. அன்றைக்கு என்ன சொல்ல வந்தாய் என்று இத்தனை நாளாக நான் யோசிக்கவில்லை. நேற்றிலிருந்து வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

உனக்கு மஞ்சள் காமாலை என்று தங்கச்சி ஆள் அனுப்பினாள். வரவேண்டியவன் அவன், நான் ஏன் போக வேண்டும் என்று நான்கு நாள் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் நாள் கிளம்பினேன். பொதட்டூர்பேட்டையில் பஸ் நின்றபோது ஊரில் தறிச் சத்தமே இல்லை. உங்கள் தெருவில் மட்டுமில்லை, எந்தத் தெருவிலும் இல்லை. அந்த ஊரில் பகலில் அப்படி நான் கேட்டதே இல்லை. ஒரு மோட்டாராவது நீ கை வைக்காமல் இருந்ததா என்ன. எல்லோரும் நிறுத்தியிருந்தார்கள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

நேற்று தங்கச்சியை உட்காரவைத்துவிட்டுப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். நீ ஒவ்வொரு மோட்டாரிலும் ஒட்டுவாயே, என்ன பழுது என்று எழுதிய சின்னக் காகிதம், அது இதிலும் இருந்தது. உன் கோணல் எழுத்து. "சிவப்பு ஸ்விட்ச் மாறி இருந்தது. மாத்தியாச்சு." கம்ப்யூட்டரின் முதுகில் வெளியே தெரிகிற அதன் பின்பக்கத்தைப் பார்த்தேன். அந்தச் சிவப்பு ஸ்விட்ச் நம் ஊர்ப் பக்கம் தள்ளப்பட்டு, யாரும் மறுபடி நகர்த்த முடியாதபடி அதன்மேல் கெட்டியாக வார்னிஷ் ஊற்றி இறுக்கியிருந்தாய். கண்ணாடி மாதிரி இருந்தது வார்னிஷ். அதற்கு அடியில், ஸ்விட்ச்சை ஒட்டி, சந்தனம். காய்ந்து வெடித்த சந்தனம். அழுத்தி வைத்த ஒரு கட்டைவிரல் ரேகை.

நான் துடைத்தபோது நகர்ந்ததோ, முதுகுக்குப் பொட்டு வைத்தபோது நகர்ந்ததோ, அது எனக்குத் தெரியாது. நகர்த்தியது நான். ரயிலில் படம் போட்டு உனக்குப் பாடம் நடத்தியவன்.

"அவருக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டேன்.

"வீட்டுக்கு எடுத்துகினு வந்த அன்னிக்கே தெரியும். மொத தடவ நீ போட்டப்பவே போயிடுச்சாம். டப்புன்னு சத்தம் வந்திருக்கும், தேங்காய் ஒடஞ்ச சத்தத்துல யாருக்கும் கேக்கலன்னாரு. கருகின வாசனையும் சாம்பிராணில தெரியலியாம்."

"பின்ன ஏன் சொல்லல? நான் அவர அத்தனை பேர் முன்னாடி..."

தங்கச்சி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "நானும் கேட்டேன்ணா. எங்கண்ணன் உங்கள அப்படிப் பேசினாரே, போய் மூஞ்சிக்கு நேரா காட்டிட்டு வாங்கன்னு சண்டை போட்டேன். அதுக்கு, அவன் ஏற்கெனவே ஊர்ல எல்லார் மேலயும் கோவமா கீறான், அவன் மேலயே அவனுக்குக் கோவம் வந்துட்டா அப்புறம் எங்க போவான்னாரு. என் மேலயே இருந்துட்டுப் போகட்டும்னு சொல்லிட்டாரு."

அவள் போன பிறகு வேட்டியை உருவிப் போட்டேன். பெட்டியை உள்ளே மாட்ட இரண்டு மணி நேரம் ஆனது. உன் கைக்கு ஐந்து நிமிஷ வேலை. நீ கட்டிய ஸ்டெபிலைசர் அதே சுவரில்தான் இருக்கிறது, அதில் செருகினேன். மூட்டையில் உன் டெஸ்ட் லாம்ப்பும் இருந்தது. அன்று நான் கொடுக்காத ஐந்து நிமிஷத்தை நேற்றுக் கொடுத்தேன். பல்பை நடுவில் மாட்டினேன். ஒருமுறை மின்னி மங்கியது. உள்ளே பழுது இல்லை என்று அர்த்தம், நீ சொல்லியிருக்கிறாய். பிறகு பல்பை எடுத்துவிட்டு நேராகப் போட்டேன்.

விசிறி சுற்றியது, பாவா. திரையில் பச்சை எழுத்து வந்தது. கம்ப்யூட்டர் தன் ஞாபகம், அதுதான் மெமரி, எவ்வளவு என்று எண் எண்ணாக எண்ணிக்கொண்டு போனது. நான் வாசல் பக்கம் திரும்பிவிட்டேன், உன்னிடம் காட்டுவதற்கு. நீ தேங்காய் உடைத்த இடத்தில் என் செருப்பு மட்டும் கிடந்தது.

அணைத்தேன். போட்டேன். மறுபடி அணைத்துப் போட்டேன். பைத்தியக்காரன் மாதிரி இருட்டும் வரை அதையே செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் வந்தது. ஒரே ஒரு முறை வராமல் இருந்திருந்தால் போதும். உன்மேல் கோபப்பட எனக்கு ஒரு வழி கிடைத்திருக்கும். மூன்று வருஷம் அந்தக் கோபத்தில்தான் குடியிருந்தேன். நீயும் இடம் கொடுத்திருந்தாய். இப்போது அதையும் சரிசெய்துவிட்டுப் போய்விட்டாய்.

அந்த ஆள்மேல் இருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தேன், அதில் போய் இருக்கலாமா என்று. அதில் இவ்வளவு இடம் இல்லை.

டெஸ்ட் லாம்ப்பைத் தங்கச்சிக்குத் திருப்பிக் கொடுக்க மாட்டேன். அவள் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். இன்று காலையில் டுடோரியலுக்குக் கிளம்பும்போது, வார்னிஷின்மேல் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். ரேகைக்கு மேல் சரியாக உட்கார்ந்தது. வழவழப்பாக இருந்தது, அடியில் இருப்பது கைக்கு எட்டவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் விரலில் அந்த வாசனை. கழுவவில்லை. எங்க போவான் என்று கேட்டாயாம். அரக்கோணம் போனேன், பாடம் நடத்தினேன், இந்த அறைக்கே திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறேன். போக இடம் எதுவும் தெரியவில்லை, பாவா.